சிவப்பு அம்பு

பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்த அந்தப் பெண்ணின் பெயரை நான் கேட்கவே இல்லை. ஒல்லியானவர். துணியில் ஓட்டை கண்டால் ஒட்டுகிற சிவப்பு அம்பு ஸ்டிக்கர் சுருள் எப்போதும் அவர் மணிக்கட்டில் இருக்கும். குளத்து நடைபாதைக்காக நாங்கள் போட்ட கூட்டத்துக்கு வந்தவர், விரிசல் விட்ட டீ கிளாஸிலும் ஒன்றை ஒட்டித்தான் திருப்பிக் கொடுத்தார்.

சாயப்பட்டறைக் கழிவுநீர் வழக்குகள் நடந்துகொண்டிருந்த காலம். குளத்தைச் சுற்றிப் பறவை பார்க்க ஒரு நடைபாதை போட ஊரே கூடித் திட்டமிட்டது. சாயத்தண்ணீர் குளத்தில் விழும் இடம் வெளியூர்க்காரர் கண்ணில் படாதபடி, நான் வரைந்த வரைபடத்தில் பாதையை அதற்கு முன்பே திருப்பியிருந்தேன். அந்தப் பெண் வரைபடத்தில் சரியாக அங்கே ஓர் அம்பை ஒட்டினார். நான் பிய்த்தேன். மறுபடி ஒட்டினார்.

“வர்றவங்க மூஞ்சியைச் சுளிப்பாங்கம்மா.”

“சுளிக்கட்டுங்க. டேமேஜை உள்ள மடிச்சு வெச்சா நல்ல பீஸ் ஆயிருமுங்களா? கொக்கு அந்தத் தண்ணியிலதானுங்க நிக்குது.”

கூட்டம் என் பக்கம் முடிவெடுத்தது. அவர் எழுந்து போய்விட்டார்.

திறப்பு நாளில் விருந்தினர்களை நான்தான் அழைத்துப் போனேன். பாதை திரும்பும் இடத்துப் பலகையில் ஒரு சிவப்பு அம்பு. அடுத்தது மின்கம்பத்தில். அதற்கடுத்தது மதகுச் சுவரில். எல்லாம் சாயத்தண்ணீர் விழும் இடத்தைக் காட்டின.

முதல் அம்பைப் பிய்க்கக் கையை நீட்டினேன்.

“இந்தப் பக்கமாங்க?” என்றார் விருந்தினர் ஒருவர், அம்பு காட்டிய பக்கம் பார்த்து.

“ஆமாங்க” என்று முன்னால் நடந்தேன்.