ஞாயிறு மதியம் அவர் போகும் இடம்

கோயம்புத்தூருக்கு வந்த புதிதில், கீரை விற்கும் அம்மா காசை வாங்கிக்கொண்டு "வாரேனுங்க" என்றதும் உள்ளே வரச்சொல்லி நாற்காலி போட்டேன். அவர் விழித்தார். மலேசியாவில் கிள்ளானில் நாங்கள் "போயிட்டு வரேன்" என்று முழுசாகச் சொல்வோம். இங்கே கிளம்புகிறவர்களும் "வாரேன்" என்கிறார்கள். அதன்பின் யார் எதைச் சொன்னாலும் சந்தேகத்தோடே கேட்டேன், என் கணவர் தங்கராசு சொல்வதையும். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் "வேல இருக்குது கண்ணு, வாரேன்" என்று சாப்பாட்டுக் கேரியரோடு போவார். பொழுது சாய்ந்து திரும்பும்போது சட்டையில் பவுடர் வாசம் அடிக்கும். யாருடையது என்று கேட்கப் பயந்தேன்.

ஒரு ஞாயிறு, அவர் ஏறிய அன்னூர் பஸ்ஸில் கூட்டத்தோடு நானும் ஏறினேன். அவர் போய் நின்றது அவர் பிறந்து வளர்ந்த தோட்டத்து வீட்டில். ஞானஸ்நானம் எடுத்த அன்றே "நீ எனக்குச் செத்துட்டே" என்று அவரைத் துரத்திய அப்பாவின் வீடு. பக்கவாதம் வந்து கட்டிலில் கிடந்த மாமனாருக்கு அவர் உடம்பு துடைத்து, பவுடர் போட்டு, சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். கிழவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியபடியே மென்றார். வாசலில் நின்ற என்னை நாத்தனார் அடையாளம் கண்டுகொண்டாள். "ஏனுங்க அண்ணி, காட்டுல பங்கு கேக்கத்தான ரெண்டு பேரும் வந்து போறீங்க?" என்றாள். எனக்குக் கோபம் வரவில்லை. நிலத்துக்காகத்தானோ என்று நானும் அப்போதுதான் நினைத்திருந்தேன்.

கிள்ளானில் என்னை வளர்த்த விதம் அப்படி. ஜெபத்தைத் தவறவிட்ட நாளில் காய்ச்சல் வந்தால், "பாத்தியா, ஆண்டவர் தண்டிச்சிட்டாரு" என்பார் அம்மா. பயமோ ஆதாயமோ இல்லாமல் யாரும் யாருக்கும் கீழ்ப்படிவார்கள் என்று எனக்குத் தெரியாது.

திரும்பும் வழியில் கணவரிடம் கேட்டேன். "பைபிள்ல அப்பாவ மதிக்கச் சொல்லியிருக்கு. மாட்டேன்னா சாபம் வரும்னு பயமா?"

"பயந்துக்கிட்டு அப்பனுக்கு எத்தனையோ செஞ்சுபோட்டேன். ஒண்ணாச்சும் மனசாரச் செஞ்சதில்ல. ஆண்டவரு என்னைய அடிச்சுக் கூப்புடல கண்ணு. அத்தன பிரியம் வெச்சவரு ஒண்ணு சொன்னா, எப்படி மாட்டேங்கறது?"

"அப்ப எங்கிட்ட ஏன் மறைச்சீங்க?"

"உன்னையும் அப்பன் கண்டபடி பேசுவாரு. அதக் கேட்டா என்னால ஊட்ட முடியாது."

நான் முழுசாக நம்பவில்லை. பொய் வெளியே வரட்டும் என்றுதான் அடுத்த ஞாயிறும் கூடப் போனேன். பிறகு போகாமல் இருக்க முடியவில்லை. கணவருக்கு ஷிப்ட் விழுந்த ஒரு ஞாயிறு, தனியாகவே போனேன். மாமனார் என்னை வெகுநேரம் உற்றுப் பார்த்தார். "உனக்கென்ன வேணும்?" என்றார் குழறலாக. "ஒண்ணும் வேண்டாம் மாமா." அவர் அதை நம்பியதாகத் தெரியவில்லை. ஆனாலும் நான் நீட்டிய கரண்டிக்கு வாயைத் திறந்தார்.

அப்போது கிள்ளானிலிருந்து தங்கை அழைத்தாள். "எங்கக்கா இருக்க?" ஒரு கையில் போன். இன்னொரு கையை, கரண்டியோடு சேர்த்து, கிழவர் தன் நல்ல கையால் பிடித்திருந்தார்.

"வீட்லதான்" என்றேன். எந்த வீடு என்று அவள் கேட்டிருந்தால், எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.