தவளைக்கு மாப்பிள்ளை பார்த்தது

“வளவுக்குள்ள மேயிற கோழியையே உன்னால பிடிக்க ஏலாது. நீ எங்க புள்ள இதுகளைப் பிடிக்கப் போறாய்?”

கத்தாரிலிருந்து விடுமுறைக்கு வந்த அண்ணா, கொன்சோல் பெட்டியோடு இந்த வாழ்த்தையும் சேர்த்தே என் கையில் தந்தான். கோழி விசயம் உண்மைதான். ஒரு தீபாவளிக்கு முதல்நாள் சேவலைத் துரத்திப்போய் நான் வேலிக்குள் தலைகீழாக விழுந்ததை, வீட்டுக்கு வந்த எந்த விருந்தாளிக்கும் அவன் சொல்லாமல் விட்டதில்லை.

பெட்டிக்குள் இருந்தது விசித்திரப் பிராணிகளைப் பிடித்துச் சேர்க்கும் விளையாட்டு. நான் பிறப்பதற்கு முன்பே யப்பானில் தொடங்கிய தொடர் அது. சில வருடங்களுக்கு ஒருமுறை புதிய பாகம் வரும். புதிய ஊர், புதிய பிராணிகள். செய்யும் வேலை மட்டும் மாறாது. புல்லுக்குள் நடக்க வேண்டும், ஏதாவது ஒன்று பாய்ந்து வரும், அதைக் களைக்கவைத்து ஓர் உருண்டையை எறிந்து பிடிக்க வேண்டும். பிறகு அதை வளர்த்து, மற்றவர்கள் வளர்த்ததோடு மோதவிட வேண்டும். கத்தாரில் வேலை முடிந்து வந்து அறையில் கிடக்கும் நேரத்துக்கு அண்ணாவுக்கு இது ஒரு துணை. வெள்ளிக்கிழமைகளில் இணையத்தில் என்னோடு மோதுவதற்காகத்தான் எனக்கும் ஒன்று வாங்கி வந்திருந்தான்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகக் கண்டவள் நான் ஒருத்திதான். அம்மா அதன் வாசலையே மிதித்ததில்லை. அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் தெரியும். அண்ணா ஒன்பதாம் வகுப்போடு புத்தகத்தை மூடிவிட்டு அப்பாவின் தோணியில் ஏறி, பிறகு அங்கிருந்து விமானத்தில் ஏறிவிட்டான். நானோ பல்கலைக்கழகம் போய்ப் பட்டத்தோடு திரும்பியவள். பட்டமளிப்புப் படம் எங்கள் வீட்டில் சாமிப் படங்களைவிட ஒரு சாண் உயரத்தில் தொங்குகிறது. அதை அங்கே மாட்டியது நானில்லை, ஆனால் இறக்கி மாட்டச் சொல்லவும் இல்லை. அப்படிப்பட்ட எனக்கு ஒரு விளையாட்டு என்ன பெரிய காரியம் என்று நினைத்தேன்.

அண்ணா திரும்பிப் போன பின் வந்த முதல் வெள்ளிக்கிழமையே அவன் என்னைத் துடைத்துப் போட்டான். அடுத்த வெள்ளியும் அப்படித்தான். எல்லாவற்றையும் கடைசியில் முடித்துவைத்தது ஒரு நீலக் கடல்பாம்பு. திரை முழுவதும் வாயைத் திறந்துகொண்டு வரும்.

“இது எங்க கிடைச்சது?” என்று தொலைபேசியில் கேட்டேன். மோதும்போது வீடியோ அழைப்பையும் திறந்து வைத்திருப்போம். தோற்றவரின் முகத்தைப் பார்க்காவிட்டால் வென்றவருக்கு என்ன ருசி?

“முதல் ஆத்தங்கரையில சின்னதா ஒரு மீன் வருமே, துள்ளுறதைத் தவிர ஒண்டும் தெரியாத மீன். அதை வளர்த்தாப் பாம்பாகும். நீ பிடிக்கல்லையா?”

பிடித்திருந்தேன். பிடித்தவுடன் விட்டும் விட்டேன். வாவியில் வலை வீசும் வீட்டுப் பிள்ளை நான். குஞ்சு மீன் வலையில் ஏறினால் தண்ணீரிலேயே திருப்பி விடவேண்டும் என்று அப்பா சின்ன வயதிலிருந்தே சொல்லி வளர்த்த கை, யோசிக்காமலே விடுவிக்கும் பொத்தானை அழுத்தியிருந்தது.

அண்ணா சிரித்த சிரிப்பில் அவனுடைய அறைத் தோழர்களும் எட்டிப் பார்த்தார்கள். அன்றிலிருந்து அப்பாவும் பின்னேரம் தோணியைக் கட்டிவிட்டு வரும்போது, வாசலிலேயே நின்று, “இண்டைக்கு உனக்குப் பாடு எப்படி?” என்று ஒரு மீன்காரன் இன்னொரு மீன்காரனிடம் பிடிபட்ட மீனைப் பற்றிக் கேட்பதுபோலக் கேட்கத் தொடங்கினார்.

இதெல்லாம் விளையாட்டாகவே போயிருக்கும், அந்த வீடு இல்லாவிட்டால்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் வீடு பெண் பிள்ளைக்குத்தான். கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வருவான். அதனால் தங்கச்சிக்கு ஒரு வீட்டைக் கட்டி முடிக்கும்வரை அண்ணன்மாருக்கு நிம்மதி இல்லை. எங்கள் வளவிலும் அப்படி ஒரு வீடு எழும்பிக்கொண்டிருந்தது. நான் உயர்தரம் படிக்கும்போது போட்ட அத்திவாரம். அண்ணாவின் ஒரு கத்தார் வேலைக் கொன்றாக்டில் சுவர், இன்னொரு கொன்றாக்டில் கூரை மரங்கள், தீராந்தியும் சலாகையும். ஓடு மட்டும் இல்லாமல் வீடு வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. கொன்றாக்ட் மறுபடியும் முடியப் போகிறது. ஓட்டுக்கு ஒன்று, கதவு ஜன்னலுக்கு ஒன்று, பூச்சுக்கு ஒன்று என்று அவன் மனதில் இன்னும் கொன்றாக்டுகள் வரிசையில் நின்றன. தான் ஒருநாளும் குடியிருக்கப் போகாத வீட்டுக்காக, தலைமயிர் முன்னால் ஏறிப் போகுமட்டும் அங்கேயே நிற்பதென்று முடிவு எடுத்திருந்தான். எனக்கோ பிரதேச செயலகத்தில் வேலை கிடைத்திருந்தது. நான் பார்த்துக்கொள்கிறேன், நீ வா என்றால், “உன்னால ஏலாது புள்ள, நீ படிச்ச வேலையைப் பார்” என்பான். கோழி பிடிக்கத் தெரியாதவளுக்கு ஓடு போடவும் தெரியாது என்பது அவன் கணக்கு.

ஒரு வெள்ளிக்கிழமை, தோற்ற சூட்டோடு கேட்டேன்.

“சரி. ஒரே ஒரு தரம் நான் வெண்டா?”

“வெண்டா என்ன?”

“கொன்றாக்டைப் புதுப்பிக்காம வீட்ட வாறாய்.”

அவன் யோசிக்கவேயில்லை. “நீ வெண்டா வாறன். அம்மா மேல சத்தியம்.”

இறால் உரித்துக்கொண்டிருந்த அம்மா தலையைத் தூக்கினா. “உங்கட சண்டைக்கு என்னை ஏன்டா இழுக்கிறாய்?” என்றவ, கொஞ்ச நேரத்தில் சட்டியைத் தள்ளி வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து இருந்தா. “மறுகா என்ன, எப்படி வெல்லுறதெண்டு சொல்லு பாப்பம்.”

விளையாட்டில் பல மொழிகள் இருந்தன, தமிழ் இல்லை. நான் திரையில் வருவதை அம்மாவுக்குச் சொல்லிச் சொல்லி விளையாடினேன். நல்ல பிராணி வேண்டுமென்றால் புல்லுக்குள் பிடிப்பது போதாது, ஆணையும் பெண்ணையும் ஒன்றாக விட்டால் முட்டை கிடைக்கும், குஞ்சு பிறக்கும்போதே சில வித்தைகளைப் பெற்றோரிடமிருந்து கொண்டுவரும் என்றேன்.

“பிறக்கிற பிள்ளை எந்தக் குடி?” என்று அம்மா கேட்டா.

எங்கள் ஆட்களுக்கு இது முதல் கேள்வி. குடி என்பது தாய்வழி. பிள்ளை எப்போதும் தாயின் குடிதான். ஒரே குடிக்காரர் அண்ணன் தங்கச்சி முறை, கல்யாணம் கிடையாது. திரையைப் பார்த்துவிட்டு நான் சொன்னேன், “குஞ்சு தாய்ட இனம்தான் அம்மா.”

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. அந்த நிமிடத்திலிருந்து யப்பான்காரன் செய்த விளையாட்டு நம்மட ஊர் விளையாட்டாகிவிட்டது.

என்னிடம் இருந்ததில் நல்லது ஒரு தண்ணீர்த் தவளை. பெண். அதற்கு ஓர் ஆண் தவளையையும் பிடித்து வைத்திருந்தேன். இரண்டையும் சேர்த்து விடப் போனபோது அம்மா என் கையைப் பிடித்தா.

“என்னகா செய்யிறாய்? ரெண்டும் ஒரே குடியெல்லா?”

“இது விளையாட்டு அம்மா.”

“விளையாட்டெண்டாலும் முறை முறைதான்.”

பட்டம் பெற்ற நானும் அம்மா சொன்னதைக் கேட்டேன். ஏன் கேட்டேன் என்று இப்போதும் விளங்கவில்லை. உள்ளுக்குள் எனக்கும் அது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது என்று நினைக்கிறேன். தவளைக்கு வேறு குடியில் மாப்பிள்ளை தேடத் தொடங்கினோம். வேலையால் வந்து தேத்தண்ணி குடித்துவிட்டு இருந்தால், பிள்ளைக்குச் சம்பந்தம் பேசும் வீடுபோல ஆகிவிடும் எங்கள் வீடு. நான் ஒவ்வொன்றாகக் காட்டுவேன், அம்மா கழிப்பா. நெருப்புப் பல்லி: “முகத்தில கோபம் இருக்கு.” கல் உடம்பு மாடு: “இவனுக்குச் சமைச்சுப் போட்டுக் கட்டாது.” நண்டு: “பக்கவாட்டில நடக்கிறவனை நம்பி எப்படிப் பிள்ளையைக் குடுக்கிற?” அம்மாவுக்குப் பிடித்த சிலதை விளையாட்டுக்குப் பிடிக்கவில்லை, சேர்த்து விட்டால் ஒன்றை ஒன்று திரும்பியும் பாராது.

கடைசியில் முதுகில் செடி முளைத்த ஒரு பிராணியில் அம்மாவின் கண் நின்றது. சோம்பேறி மாதிரி மெல்ல நடக்கும். “அமைதியான பொடியன். தோட்டமும் முதுகிலேயே இருக்கு,” என்றா. தவளையும் சம்மதித்தது. ஆனால் முட்டை வரத்தான் நாளெடுத்தது. வாரங்கள் போயின. வெள்ளிக்கிழமைகளில் நான் தோற்றுக்கொண்டேயிருந்தேன். அண்ணா கையெழுத்து வைக்கவேண்டிய மாதமும் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒருநாள் பொறுக்கமுடியாமல், வேறு யாருக்கோ கேட்பதுபோல, ஏன் முட்டை இவ்வளவு சுணங்குகிறது என்று அண்ணாவிடமே கேட்டேன்.

“ஒரே இனத்தை விட்டாக் கெதியா வரும். எல்லாரும் அப்படித்தான் செய்யிற. நீ என்னத்தை விட்டாய்?”

நான் கதையை மாற்றப் பார்த்தேன். அம்மா பின்னாலிருந்து சொல்லிவிட்டா: “ஒரே குடிக்குள்ள முடிக்கிறதா? உனக்கு வெட்கமில்லையா?”

தொலைபேசி கீழே விழும் சத்தம் கேட்டது. பிறகு கொஞ்ச நேரம் அவன் மூச்சுக்குத் திணறிச் சிரிப்பது மட்டும் கேட்டது. “நம்மட ஆக்கள் திருந்த மாட்டாங்க!” என்றான். “விளையாட்டுக்குள்ளயும் குடி பாத்திருக்காங்க!” அந்தக் கிழமையே கத்தாரில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர் அத்தனை பேருக்கும் இது தெரிந்துவிட்டது. ஆனால் மாப்பிள்ளை யார் என்று மட்டும் அம்மா சொல்லவில்லை. சம்பந்தம் முற்றாகும்வரை வெளியில் பேசக்கூடாதாம்.

முட்டை வந்தது. குஞ்சு தாயைப்போலத் தவளை. தகப்பனிடமிருந்து ஒரு வித்தை கொண்டுவந்திருந்தது, இலையால் வெட்டுவது. தண்ணீர்ப் பிராணிகளுக்கு இலைதான் எமன். சாதாரணமாக எந்தத் தவளைக்கும் இது தெரியாது. “தகப்பன்ட கைராசி,” என்றா அம்மா. நான் வேலைக்குப் போகும் பஸ்ஸிலும் அதை வளர்த்தேன். பக்கத்தில் இருந்த அக்கா ஒருத்தி எட்டிப் பார்த்து, “ஒவ்வீஸ் வேலையா?” என்று கேட்டா. ஓம் என்றேன்.

அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் அப்பாவும் வலையைக் காயப்போட்டுவிட்டு வந்து இருந்தார். மூன்றுக்கு மூன்று பிராணி. என்னுடைய இரண்டு போய்விட்டன, அவனுடையதிலும் இரண்டு போய்விட்டன. அவன் பாம்பை இறக்கினான். நான் தவளையை இறக்கினேன்.

“தவளையா?” என்றான் அண்ணா. “தண்ணிக்குத் தண்ணி. ஒண்டும் செய்யாது புள்ள. இண்டைக்கும் கோழி தப்பிட்டு.”

அவசரமில்லை என்று நினைத்து, அடிக்காமல் பாம்பின் பலத்தைக் கூட்டுவதில் ஒரு முறையைச் செலவழித்தான். நான் இலையை வீசினேன். பாம்பின் உயிர் பாதிக்குமேல் இறங்கியது. அவன் முகத்தைத் தொலைபேசிக்குக் கிட்டக் கொண்டுவந்தான், அங்கிருந்தே என் திரைக்குள் பார்க்கலாம்போல.

“இது எப்படி? தவளைக்கு இது தெரியாதே!”

“தகப்பன் வேற குடி,” என்றா அம்மா.

அடுத்த முறை பாம்பு அடித்தது. தவளை ஒரு நூல் உயிரோடு நின்றது. நான் மறுபடியும் இலையை வீசினேன். பாம்பு விழுந்தது. அப்பா எழுந்து நின்றுவிட்டார், பெரிய கொடுவா ஒன்று வலையில் ஏறினால் தோணியில் நிற்பாரே, அப்படி.

அண்ணா கொன்சோலைக் கட்டிலில் போட்டான். பிறகு, சிரித்துக்கொண்டுதான், மெல்ல நழுவப் பார்த்தான். “சரி, வெண்டிட்டாய். வாறன். ஆனா கூரையில்லாத வீட்டை விட்டிட்டு எப்படி வாற? ஓடு மட்டும் போட்டிட்டு…”

இது வரும் என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும், எதையும் அவனுக்குப் படம் எடுத்து அனுப்பிவிடும் அம்மா இரண்டு நாளாக வாயைக் கட்டிக்கொண்டிருந்தது அதற்காகத்தான். நான் தொலைபேசியை எடுத்துக்கொண்டு வளவுக்குள் இறங்கினேன். கமராவைத் திருப்பினேன். என் சம்பளத்தில் வாங்கி, புதன்கிழமை லொறியில் வந்து இறங்கிய ஓடு வேலியோரம் அடுக்கியிருந்தது. மேலே தீராந்தியில் குந்தியிருந்த மேசன், முதல் வரிசையைப் போட்டு முடித்துவிட்டு, அடுத்த வரிசைக்கு ஓடு எடுத்துத் தரச்சொல்லி என்னைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.