ஆடுற கட்டைக்குப் பசை வைச்சனான்

அந்தக் கட்டை என்ர கையில ஆட, என்ர அகதிக் கேஸும் சேர்ந்து ஆடினது.

எண்பத்தாறாம் ஆண்டு, மாசிக் குளிர். ஸ்காபரோவில ஒரு வீட்டின்ர பேஸ்மென்றில இருந்துகொண்டு, டவுன்ரவுன் மியூசியம் ஒண்டில சாமான் இறக்கி ஏத்துற வேலை செய்தனான். அகதிக் கேஸ் முடியேல்லை. மனிசியும் மகளும் யாழ்ப்பாணத்தில. “வேலையிடத்தில நல்ல கடிதம் ஒண்டு வாங்கும். அதில்லாட்டில் கஷ்டம்” எண்டு லோயர் சொல்லிப்போட்டார்.

அந்தக் கிழமை பீக்கிங் அரண்மனையில இருந்து கண்காட்சிக்கு ஒரு கூரைத்தாங்கி வந்தது. தூணுக்கும் கூரைக்கும் நடுவில நிக்கிறது. கைப்பிடியளவு கட்டையளைப் பள்ளமாய்க் காடி வெட்டி, ஒண்டுக்கு மேல ஒண்டு கோத்திருந்தது. நான் அதை மேசையில வைக்கேக்க ஒரு கட்டை ஆடினது. நான்தான் உடைச்சுப்போட்டன் எண்டு நினைச்சன். எல்லாரும் லஞ்சுக்குப் போயிட்டினம். ஊரில தச்சுவேலை செய்த ஆள் நான், கதிரை ஆடினால் பசை வைப்பம். வைச்சு அமத்திப் பிடிச்சன்.

அடுத்தநாள் காலமை பீக்கிங்கில இருந்து வந்த அம்மா, அரண்மனை திருத்துற நிபுணர், அதை எங்களுக்குக் கழட்டிக் காட்டத் தொடங்கினா. “இதில ஆணியும் இல்லை, பசையும் இல்லை. நிலம் நடுங்கினால் ஒவ்வொரு கட்டையும் கொஞ்சம் கொஞ்சம் ஆடும். ஆடுறபடியால்தான் அரண்மனை நிக்குது” எண்டா.

நான் பசை வைச்சது மேலயிருந்து அஞ்சாவது கட்டை. வாயைத் திறந்தால் கடிதம் போச்சு. மூடினால் கட்டை போச்சு. ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு. அஞ்சாவது வரேல்லை. அவ மரச் சுத்தியலை எடுத்தா.

“நிப்பாட்டுங்கோ அம்மா” எண்டு தமிழிலதான் வந்தது. பிறகு எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசில, பசை வைச்சது நான் எண்டன்.

சூப்பவைசர் சிவந்துபோனார். “கோட்டை எடுத்துக்கொண்டு வீட்டை போ.”

“நிக்கட்டும்” எண்டா அந்த அம்மா. வெந்நீரில பஞ்சு தோய்ச்சு ரெண்டு மணித்தியாலம் ஒத்தினா. நான் பக்கத்தில கிண்ணத்தைப் பிடிச்சுக்கொண்டு, தெரிஞ்ச தெய்வமெல்லாம் கும்பிட்டன். கட்டை பழுதில்லாமல் கழண்டது.

அதுக்குக் கீழ இருந்த கட்டையில, வெளியில தெரியாமல் பழைய ஆணி ஒண்டு. துருப்பிடிச்சு வீங்கி, மரத்தை உள்ளுக்குள்ள வெடிக்கப்பண்ணியிருந்தது. அவ அந்த வெடிப்பை விரலால தடவிப் பார்த்தா.

“உனக்கு முன்னமும் ஒருத்தன் பயந்திருக்கிறான். அவன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை.”

ரெண்டு கிழமையால கடிதம் கிடைச்சது. சூப்பவைசர் பசை வைச்சதையும் விடாமல் எழுதியிருந்தார், நானாய்ச் சொன்னதையும் எழுதியிருந்தார். லோயர் அந்த ரெண்டாவது வரிக்குக் கீழ கோடு போட்டு, இதுதான் தேவை எண்டார்.

இப்ப வேலைக்குப் போற பிள்ளையளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். பிழை எல்லாரும் விடுவினம், பயமும் வரும். சுத்தியல் விழ முதல் சொல்லிப்போடுங்கோ.