கல்யாணத்துக்கு முந்தின காணிக்கை

அந்த வருஷம் பெங்களூரா ரக மாங்காயை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு ஜூஸ் ஃபேக்டரி வாசலில் மூன்று நாள் வரிசையில் நின்றார் என் வீட்டுக்காரர். முறை வந்தபோது, காய் அழுகத் தொடங்கிவிட்டது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். லோடு முழுவதையும் புத்தூர் ரோட்டோரம் கொட்டிவிட்டு வந்தார். வயது நாற்பத்தொன்பது. அன்றிலிருந்து வீட்டில் அவர் பேச்சே நின்றுபோனது.

பத்து நாள் கழித்துத் திடீரென்று சாந்தமானார். கிணற்று மோட்டாரை எப்படிப் போடுவது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தார். நிலத்துப் பட்டா பாஸ்புக் எந்தப் பையில் இருக்கிறது என்று காட்டினார். கல்யாணமான நாள் முதல் "உனுக்கு இன்னா தெரியும்" என்றே கேட்ட மனுஷனுக்கு இப்போதாவது புத்தி வந்ததே என்று பூரித்துப்போனேன். என்னைப்போல் ஒரு முட்டாள் உண்டா?

மறுநாள் காலை குளித்துவிட்டு, சாமி படத்துக்குப் பின்னாலிருந்த மஞ்சள் துணி முடிப்பை எடுத்தார். மகள் கல்யாணம் நல்லபடியாக நடந்தால் திருமலை உண்டியலில் போடுவதாக வேண்டி, அவரே காசு முடிந்து வைத்தது. மகளோ நர்சிங் இரண்டாம் வருஷம். மாப்பிள்ளைப் பேச்சே எடுக்கவில்லை.

"திருப்பதிக்கு ஒருக்கா போயினு வந்துர்றேன்" என்றார்.

நான் பாட்டுக்கு இட்லித் தட்டுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். அவர் செருப்பை மாட்டும்போதுதான் உறைத்தது. வேண்டுதல் பலிக்காமல் எங்கள் பக்கம் யாரும் முடிப்பைத் தொடமாட்டார்கள். ஏழுமலையானுக்குப் பாக்கி வைத்துவிட்டுப் போகக்கூடாது என்று நினைப்பவர்தான் முன்கூட்டியே எடுப்பார். மோட்டாரும் பாஸ்புக்கும் ஏன் என்று அப்போது புரிந்தது. ஓடிப்போய் வாசலை மறித்தேன்.

"கல்யாணமே ஆவல, அதுக்குள்ள இன்னாத்துக்குய்யா காணிக்கை? சாவப் போறியா?"

அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் அப்படியே படியில் உட்கார்ந்தார்.

"முடியலமே" என்றார். "யார்கிட்ட சொல்றதுன்னே தெரியல."

முடிப்பை அவர் கையிலிருந்து வாங்கிப் பழைய இடத்திலேயே வைத்தேன். இருவரும் திருப்பதி பஸ் ஏறினோம், மலைக்கு அல்ல, ஆஸ்பத்திரிக்கு. மனநல டாக்டர் தெலுங்குக்காரர்; அவரிடம் இவர் தெலுங்கில்தான் ஆரம்பித்தார். அழுகை வந்ததும் தமிழுக்கு மாறிவிட்டார். அந்த டாக்டருக்கு எவ்வளவு விளங்கியதோ, கடைசிவரை இடைமறிக்காமல் கேட்டார்.

மாத்திரை இன்னும் தொடர்கிறது. மாங்காய் விலை ஏறவில்லை. தோட்டத்திலிருந்து அவர் வரக் கொஞ்சம் தாமதமானாலும் நேரே உள்ளே ஓடுவேன். முதலில் சாமி படத்துக்குப் பின்னால் கையை விட்டுப் பார்ப்பேன். முடிப்பு தட்டுப்பட்ட பிறகுதான் அவருக்கு போன் போடுவேன்.