புதுச் சாயம் பூசிய கதவு

சென்ற தை மாதம், ஒரு புதன்கிழமை. பிற்பகல் மூன்றேகால் மணி. கருவலூரைத் தாண்டி அன்னூர்ச் சாலையில் காரை ஓட்டிக்கொண்டு வந்தேன். வெளிச்சம் இருக்கும்போதே ஊர் போய்ச் சேர முடியுமா என்று கடிகாரத்தைப் பார்த்தேன். அதனால்தான் மணி நினைவில் இருக்கிறது. அப்போது பின்சீட்டிலிருந்த என் மகள், "அப்பா, துணி கருகற மாதிரி நாத்தம் வருதுங்க" என்றாள்.

"பழைய வண்டின்னா அப்படித்தான் கண்ணு" என்று சொல்லிவிட்டு இன்னும் வேகமாக ஓட்டினேன். ஏன் நிறுத்தவில்லை என்பதைச் சொல்ல வேண்டுமானால் என் சித்தப்பா மகனின் காரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அவன் என்னைவிட இளையவன். பருத்தி அரைக்கும் ஆலை வைத்து நன்றாக வந்துவிட்டான். போன வருஷம் குங்கும நிறத்தில் புதுக் கார் வாங்கினான். தினமும் சாயங்காலம் எங்கள் வாசலைத் தாண்டும்போது ஹாரன் அடிப்பான். அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு வாயில் வைத்த சோறு இறங்காது. எங்கள் பக்கம் இதற்குப் பங்காளிக் காய்ச்சல் என்று பெயர். எந்த வைத்தியர் மருந்துக்கும் கேட்காது.

கர்ப்பமான பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்துவரப் பிறந்த வீட்டார் பலவகைச் சோறு கட்டிக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போய் விருந்து வைப்பது எங்கள் வழக்கம். அதற்குக் கட்டுச்சோறு என்று பெயர். அவன் தன் மகளுக்குக் கட்டுச்சோறு கொண்டுபோனது அந்தப் புதுக் காரில்தான். கூடப் போன என் மனைவி திரும்பி வந்து, "சீட்டு மெத்தை மாதிரிங்க. புளிச்சோத்துக் கூடை அலுங்கவே இல்லீங்க" என்றாள். நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன். அடுத்த கட்டுச்சோறு எங்கள் வீட்டில்.

எங்களிடமும் ஒரு கார் இருந்தது. அந்த வட்டாரத்துக்கே முதல் கார், என் அப்பா வாங்கியது. அவர் காலமான பிறகு எட்டு வருஷமாகப் பருத்திக் கொட்டகையில் சாக்குக்கு அடியில் கிடந்தது. சாக்கை இழுத்தபோது பின்சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. கோயமுத்தூரிலிருந்து ஒரு மெக்கானிக்கை அழைத்துவந்து வீட்டிலேயே தங்க வைத்தேன். அவர் எஞ்சினைப் பிரித்துக் கழுவினார், டயர் மாற்றினார், ரேடியேட்டர் ஓட்டையை அடைத்தார். நான் பக்கத்திலேயே நின்று, "அந்தச் செவப்புக் காரை முந்துமா?" என்று ஓயாமல் கேட்டேன்.

"ஏனுங்க, நீங்க சம்பந்தி ஊட்டுக்குப் போறீங்களா, பந்தயத்துக்குப் போறீங்களா?" என்று அவர் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கரும்பச்சைச் சாயம் பூசச் சொன்னேன். ஒரு பூச்சு போதாது என்று, புறப்படுவதற்கு முந்தின நாள் கதவுகளுக்கு மட்டும் இன்னொரு பூச்சு பூசச் செய்தேன். கண்ணுக்குத் தெரிவதையெல்லாம் பார்த்தோம். வண்டியின் அடியில், பின்சீட்டுப் பலகைக்கும் புகைக்குழாய்க்கும் நடுவே, எட்டு வருஷமாக எலிகள் பருத்தியை இழுத்துவந்து அடைத்திருந்ததை யாரும் பார்க்கவில்லை.

அவினாசிக்கு அந்தப் பக்கமிருந்த சம்பந்தி ஊரே காரைச் சுற்றி நின்று பார்த்தது. எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. மகளை அழைத்துக்கொண்டு திரும்பும்போது உறவினர்களின் மாட்டுவண்டிகளை வெகு தூரம் பின்னே விட்டுவிட்டு வந்தேன். வெளிச்சம் மங்குவதற்குள் அவன் வாசலைக் கடக்க வேண்டும், இரண்டு தடவை ஹாரன் அடிக்க வேண்டும். என் யோசனையெல்லாம் அதுதான்.

"ஏனுங்க, பொகை வருது. நிறுத்துங்க!" என்று மனைவி அலறிய பிறகுதான் நிறுத்தினேன். பலகை இடுக்கிலிருந்து புகை சுருள் சுருளாக வந்தது. குதித்து இறங்கி ஓடிப் பின்கதவை இழுத்தேன். திறக்கவில்லை. அரைகுறையாகக் காய்ந்த சாயம் வெயிலில் இறுகிக் கதவைச் சட்டத்தோடு ஒட்டவைத்திருந்தது. அந்தப் பக்கக் கதவும் அப்படியே. அது மேலே துணிக் கூரை போட்ட வண்டி. நாமாக இருந்தால் கதவைத் தாண்டிக் குதித்துவிடலாம். ஒன்பது மாதக்காரி எப்படிக் குதிப்பாள்? காலைச் சட்டத்தில் ஊன்றி, கைப்பிடியைப் பிடித்து இழுத்தேன். உள்ளேயிருந்து மனைவி உதைத்தாள். கதவு திறந்தபோது என் மகள் முழங்கால் மடங்கிச் சாலையில் விழுந்தாள். அவள் சேலை ஓரம் கருகியிருந்தது. மனைவி, சம்பந்தியம்மாள் கொடுத்தனுப்பிய மோர்ப் போசியை எடுத்துப் பலகைமேல் கொட்டினாள். நெருப்பு அணைந்தது.

மகளைப் புளியமர நிழலில் உட்காரவைத்தோம். வயிற்றில் கை வைத்து இங்கும் அங்கும் தடவிப் பார்த்தாள். பிறகு, "கொழந்தை அசையலீங்கப்பா" என்றாள்.

தீப்பிடித்த வண்டியில் அவளை மறுபடி ஏற்றத் துணிவில்லை; சாலையில் ஈ காக்கை இல்லை. மாட்டுவண்டிகள் வந்துசேர இருட்டிவிடும். கும்பிடாத சாமியையெல்லாம் கும்பிட்டேன். அன்னூர்ப் பக்கமிருந்து புழுதி கிளம்பியது. பின்னாலேயே அந்த ஹாரன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: 'வேறு யாராவது வரக்கூடாதா?' என்றுதான் என் மனம் முதலில் நினைத்தது.

வந்தவன் இறங்கி நேரே மரத்தடிக்குப் போனான். மகளைப் பார்த்தான். "பயப்படாதே அம்மணி, சித்தப்பன் வந்துட்டேன்" என்று தாங்கலாக அழைத்துப் போய்ப் பின்சீட்டில் சாயவைத்தான். எங்களையும் ஏற்றிக்கொண்டு, பள்ளம் மேடு பார்த்துப் பார்த்து, நடக்கிற வேகத்தில் அன்னூர் டாக்டர் வீட்டை நோக்கி ஓட்டினான். பாதி வழியில் என் மகள் அம்மாவின் கையை இழுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு அழுதாள். குழந்தை அசைந்துவிட்டது.

டாக்டர் பார்த்து, பயமில்லை என்ற பிறகு வெளியே வந்தோம். "நல்ல வேளை தம்பி, அந்தப் பக்கம் எங்க போயிட்டு இருந்தே?" என்று கேட்டேன்.

அவன் தன் காரைத் துடைப்பதுபோல் திரும்பிக்கொண்டான். "எங்கியும் இல்லீங்கண்ணா. சின்னதுல அந்தக் காருக்குப் பின்னால புழுதி தின்னுட்டு ஓடியிருக்கேன். ஒரு நாளாச்சும் பெரியப்பா ஏறச் சொன்னதில்லீங்க. நீங்க அதை மறுபடி எடுத்துட்டீங்கன்னு கேட்டதுல இருந்து ஊட்டுல இருப்புக் கொள்ளலீங்க. ஓடுதா, வழியில நின்னுபோச்சான்னு பாத்துப்போட்டு வரலாம்னுதான் வந்தேன்" என்றான்.

இப்போது என் பேத்திக்கு மூன்று மாதம்; அவளைத் தூக்கும்போதெல்லாம், அன்று அவனுக்கும் என்னைப் போலவே வயிறு எரியாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து இன்னும் இறுக்கி அணைத்துக்கொள்கிறேன்.