போன்கள் பேசிய திருவிழா

போன வருஷம், மயிலாப்பூரில் எங்கள் பங்குத் திருவிழா சமயத்தில் நடந்தது இது. ஆலயப் பாடகர் குழுவுக்கு ஒரு சின்ன இணையதளம் செய்து கொடுத்திருந்தேன். லிங்க்கைத் தட்டினால் அந்த வாரப் பாட்டு வரிகள் போனில் வந்துவிடும். ஜெராக்ஸ் செலவை ஒழித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.

குழுவில் ஒரு ஆன்ட்டி. எப்போதும் என் பக்கத்தில்தான் நிற்பார். நான் சுருதி தப்பினால் சட்டையைப் பிடித்து இழுப்பார். ஒருநாள் ஒத்திகை முடிந்ததும், "கண்ணு மங்கிப்போச்சுப்பா. எழுத்தைப் பெருசாக்கினாலும் தெரியல. திருவிழாவோட நான் நின்னுக்கிறேன்" என்றார். எனக்குப் பகீரென்றது. அவர் இல்லாமல் என்ன பாட்டு?

அன்றே உட்கார்ந்து வேலையைத் தொடங்கினேன். லிங்க் ஒன்றுதான், எங்கள் போனில் எழுத்தாக வரும், ஆன்ட்டி போனில் குரலாக வரும். குழுவில் மற்றவர்களை ஆளுக்கொரு பாட்டின் வரிகளை வாசித்துப் பதிவு செய்து தளத்தில் ஏற்றச் சொன்னேன். ஏற்றினார்கள் பாருங்கள்! ஒன்றில் குக்கர் விசில். பூசை தொடங்க ஃபாதர் உள்ளே வரும்போது பாடுவதற்காக, திருவிழாவுக்கென்றே எழுதிய புது வருகைப் பாடலை வாசித்த எங்கள் கிட்டார்காரன், முதல் வரிக்கு முன்னால் "ஆன்ட்டி, சாப்டீங்களா?" என்று வேறு கேட்டிருந்தான். எதையும் வெட்டக் கூடாது என்று ஆன்ட்டி கறாராகச் சொல்லிவிட்டார்.

திருவிழா அன்று காலையில் நான் சும்மா இருந்திருக்கலாம். தளத்தில் ஏதோ ஒரு திருத்தம் செய்தேன். மாலையில் ஃபாதர் பீடத்தை நோக்கி நடக்க ஆரம்பிக்க, எல்லாரும் லிங்க்கைத் தட்டினோம். எழுத்து வரவில்லை. அத்தனை போனும், "ஆன்ட்டி, சாப்டீங்களா?" என்று சத்தமாகக் கேட்டன!

"இன்னா மச்சி இது, எல்லா போனும் பேசிக்கினு கீது!" என்று கிட்டார்காரன் விலாவில் இடித்தான். அவசர அவசரமாகப் போன்களை அணைத்தோம். எங்களுக்கு மெட்டு தெரியும், வரி தெரியாது. கீபோர்டில் முன்னிசை முடியப்போகிறது.

"சாப்ட்டேன்டா" என்று முணுமுணுத்தார் ஆன்ட்டி. அடுத்த நொடி கணீரென்று முதல் வரியை எடுத்தார். வீட்டில் எங்கள் குரலைத் திரும்பத் திரும்பக் கேட்டதில் அவருக்குப் பாட்டு முழுக்க மனப்பாடம். அவர் வாயைப் பார்த்தே நாங்கள் கடைசிச் சரணம் வரை பாடி முடித்தோம்.

நின்றுகொள்கிறேன் என்ற பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை. இன்றும் ஞாயிற்றுக்கிழமை என் சட்டை இழுபடும்போது, அந்தக் கை இன்னும் பக்கத்தில் இருக்கிறதே என்று எனக்கு மனசு நிறைந்துவிடுகிறது.