பேரிக்காய்மேல் சந்தனப் பொட்டு

என் வீட்டுக்காரர் வருசம் முழுக்கக் கோயில் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார். ஆயுத பூசை வந்துவிட்டால் மட்டும் மனிதரைக் கையில் பிடிக்க முடியாது. கணபதி என்கிற எங்கள் ஊரில் ஒரு சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறோம். அன்றைக்குக் காலையில் சந்தனக் கிண்ணத்தைத் தூக்கினார் என்றால் லேத், ஸ்கூட்டர், மிக்சி, என் தையல் மிசின், சாமி படம், செத்துப்போன மாமனார் படம் என்று ஒன்றும் தப்பாது. போன ஆயுத பூசைக்கு, பிரான்ஸ் தேசத்துப் பேரிக்காய்கூடத் தப்பவில்லை.

அந்தப் பேரிக்காய் எங்கள் நங்கையுடையது. வீட்டுக்காரரின் அக்காவை எங்கள் பக்கம் நங்கை என்போம். கொடுமுடியில் இருக்கிறார். அவர் கணவர் மில் மிசின் வேலையாகப் பிரான்ஸ் போய்வந்தவர். போகும்போதெல்லாம் பழமரப் படம் ஒன்று வாங்கிவருவார். கிளை, பூ, காய், வெட்டிய பழத்துக்குள் இருக்கும் விதை எல்லாம் தெரியும். செம்புத் தகட்டில் கோடு கோடாகச் செதுக்கி, காகிதத்தில் அச்சடித்து, அதன்மேல் ஆட்கள் உட்கார்ந்து கையால் நிறம் தீட்டியவை. என் பாட்டனுக்குப் பாட்டன் காலத்துச் சமாச்சாரம். ஐந்து படங்கள் சேர்ந்திருந்தன. அதில் ஒன்றுதான் இந்தப் பேரிக்காய்.

கணவர் தவறிய பிறகு நங்கை வெளியே எங்கும் வருவதில்லை. இப்போதுதான் கொஞ்ச நாளாக எங்கள் வீட்டுக்கு மட்டும் வரப்போக இருக்கிறார். படங்களின் சட்டத்தில் கரையான் ஏறிவிட்டது என்று அழுதார். புதுச் சட்டம் போட்டுத் தருகிறோம் என்று நாங்கள்தான் போய்க் கழற்றி எடுத்துவந்தோம். "பத்தரம் அம்மணி, அவரு நெனப்புன்னு எங்கிட்ட இருக்கறதே இதுதான்" என்று கார்வரை சொல்லிக்கொண்டே வந்தார். ஆயுத பூசைக்குச் சாப்பிட வந்து படங்களையும் பார்க்கிறேன் என்றும் சொல்லியிருந்தார்.

பொரி, சுண்டலோடு பூசை அறைக்குள் போன நான் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டே போனேன். ஸ்பேனர், வெர்னியர் அளவுகோல் எல்லாம் அடுக்கி, பக்கத்தில் இவர் பலகைமேல் படங்களை வைத்திருந்தார். மேலே இருந்த பேரிக்காயின் நடுவில் ஈரச் சந்தனம், அதன் நடுவில் குங்குமம்.

"ஏனுங்க, இதென்ன பண்ணிப்போட்டீங்க?"

"சட்டம் மாட்டறதுக்கு முன்ன பூசைல இருக்கட்டும்னு வெச்சேன். படம்னா பொட்டு வெப்பமல்லோ, கை தானாப் போயிருச்சு."

"கண்ணாடி எங்கீங்க? கண்ணாடியக் கழட்டுனதே நீங்கதானுங்க."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தோளில் இருந்த துண்டை எடுத்தார். தொட்டால் தெரியும் சேதி என்றேன். ஈரத்தோடு துடைத்தால் சந்தனத்தோடு பேரிக்காயின் மஞ்சளும் சேர்ந்து வந்துவிடும் என்று எனக்குப் பயம். காய்ந்து தானாக உதிரட்டும் என்று பக்கத்திலேயே உட்கார்ந்தேன். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. எங்கே காய? குங்குமத்தின் சிவப்பு மெல்ல மெல்லக் காகிதத்தில் ஊறிப் பரவுவது என் கண்ணுக்கே தெரிந்தது. இலைவரை போய்விடுமோ என்று மனசு அடித்துக்கொண்டது.

போன் சிணுங்கியது. காங்கேயம் தாண்டியாச்சு என்று நங்கை அனுப்பியிருந்தார்.

"சட்டம் போடறவருகிட்டக் குடுத்தாச்சுன்னு சொல்லிரலாமா?" என்றார் இவர்.

"நீங்களே சொல்லுங்க, உங்க அக்காகிட்ட. எனக்கு வாயில வராதுங்க."

இந்த மனிதரோடு குப்பை கொட்டியது போதும் என்றுகூட அந்த நேரத்தில் தோன்றியது. வரப்போக இருக்கிற ஒரே வீடும் நங்கைக்கு இல்லாமல் போய்விடும். அதை நினைக்க நினைக்க எனக்குச் சோறு பொங்கவே கை வரவில்லை. பல்லடம் வந்தாச்சு என்று அடுத்த சேதி வந்தது.

நங்கை படியேறும்போது சந்தனம் காய்ந்து உதிர்ந்திருந்தது. சிவப்பு மட்டும் போகவில்லை, பழத்தின் நடுவில் வட்டமாக நின்றுவிட்டது. மறைக்கவில்லை. கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் படத்தைக் காட்டினேன்.

"அக்கா, நாந்தானுங்க... கை தவறிப்போச்சு" என்றார் இவர், கதவோரம் நின்றபடி.

நங்கை பலகைக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். திட்டிவிட்டால்கூடத் தேவலை என்று இருந்தது எனக்கு. பிறகு முந்தானையில் கையை நன்றாகத் துடைத்தார். ஒரு விரலை நீட்டிக் கறைக்குப் பக்கத்தில் இலைமேல் வைத்தார். எடுத்துவிட்டு மறுபடி வைத்தார்.

"தொட உட்டதே இல்லை அம்மணி, அவரு. பொம்பளைங்க கையி எப்பவும் ஈரமாத்தான் இருக்கும்னு, தூசி தொடைக்கறதுகூட அவரேதான். போனப்பறமும் எனக்குத் தொடறக்குக் கை வரல."

விரல் இலையிலிருந்து காம்புக்கு நகர்ந்தது. காம்பிலிருந்து பழத்துக்கு, அந்தச் சிவப்பின்மேலேயே போயிற்று.

"இத்தன வருசமும் வழவழன்னு இருக்கும்னு நெனச்சுட்டு இருந்தேன்" என்றார். "சொரசொரன்னு இருக்குது."